புல்லுருவியும் பூக்கொத்தியும்: விதையின் பின்னால் போகும் ஆராய்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் புல்லுருவிச் செடிகளையும் அவற்றை நம்பி வாழும் பறவைகளையும் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். கல்லூரிகளுக்குப் பேசப் போனால் மாணவர்கள் கேட்பார்கள். தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நின்றால் வேலைக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

நீங்கள் ஆராய்வது தாவரத்தையா, பறவையையா?

இரண்டுக்கும் நடுவில் நடப்பதை. செடியால் நடக்க முடியாது. ஆனாலும் அதன் மகரந்தம் இன்னொரு செடிக்குப் போயாக வேண்டும், அதன் விதை வேறோர் இடத்துக்குப் போயாக வேண்டும். இந்த இரண்டு பயணத்துக்கும் அது யாரையாவது நம்பியே இருக்கிறது. காற்று, ஆறு, எறும்பு, வௌவால், யானை எனப் பலர் அந்த வேலையைச் செய்கிறார்கள். பறவைகள் செய்யும் பங்கை நான் பார்க்கிறேன். பூ பூத்ததா, காய் பிடித்ததா, பழத்தை யார் தின்றார்கள், விதை எங்கே விழுந்தது, முளைத்ததா, முளைத்தது பிழைத்ததா என்று வரிசையாகத் தொடர்ந்து போய், எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதற்குப் போய் ஏன் புல்லுருவி? உலகத்தில் வேறு செடியே இல்லையா?

ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான். "ஏம்மா, நாங்க வெட்டிப் போடுறத நீ ஏணி வெச்சுப் பாக்குறியே?" என்றார். நம் ஊரில் ஒருவரைப் புல்லுருவி என்று சொன்னால் அது வசவு. அடுத்தவர் உழைப்பில் வாழ்கிறவர் என்று பொருள்.

செடியைப் பொறுத்தவரை அது பாதிதான் உண்மை. நம் மாமரத்திலும் வேம்பிலும் காணும் புல்லுருவிக்குப் பச்சை இலை உண்டு. வெயிலில் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்கிறது. கிளைக்குள் உறிஞ்சு வேரைச் செலுத்தி மரத்திடமிருந்து எடுப்பது பெரும்பாலும் தண்ணீரும் தாது உப்புகளும்தான்.

நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. மண்ணில் விழுந்தால் புல்லுருவி விதைக்கு வாழ்வே கிடையாது. சரியான மரத்தில், உயிருள்ள கிளையில், பட்டை தடிக்காத இடத்தில் போய் ஒட்ட வேண்டும். அந்த இடத்துக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பறவை. மற்ற மரங்களில் பறவையின் உதவி எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டியிருக்கும். புல்லுருவியில் அந்த உறவு கண்ணெதிரே நிற்கிறது. இதன் இன்னொரு பெயர் குருவிச்சை. ஈழத்தில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்குள்ளேயே குருவி உட்கார்ந்திருக்கிறது.

விதை கிளையில் எப்படி ஒட்டுகிறது?

நான் பார்க்கச் சலிக்காத காட்சி இது. பூக்கொத்தி நம் நாட்டின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. சமவெளியில் காணும் டிக்கெல் பூக்கொத்தியின் நீளம் சுமார் 8 செ.மீ. தான். உச்சிக் கிளையில் 'டிக், டிக்' என்று விடாமல் சத்தம் கேட்கும். ஆளைப் பார்ப்பதற்குள் அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

பழுத்த புல்லுருவிப் பழத்தை அலகால் பிதுக்கி, தோலை விட்டுவிட்டுச் சதையோடு விதையை விழுங்கும். அந்த ஒற்றை விதையைச் சுற்றிப் பிசுபிசுப்பான ஒரு பசை உண்டு. வயிற்றுக்குள் போனாலும் அந்தப் பசை முழுவதும் கரையாது. விதை சில நிமிடங்களிலேயே வெளியே வந்துவிடும். ஆனால் கீழே விழாது. நூல் போல இழுபட்டுக்கொண்டு பறவையின் பின்புறத்திலேயே தொங்கும். அதை உதற வழியில்லாமல் பறவை கிளைமேல் உட்கார்ந்தபடி நகர்ந்து பின்புறத்தைத் தேய்க்கும். விதை அங்கே ஒட்டிக்கொள்ளும். பறவைக்கு அது தொல்லை நீங்கிய கணம். செடிக்கு அது விதைப்பு.

இதைக் கவனித்து எழுதியவர்களில் பறவையியலாளர் சாலிம் அலி முக்கியமானவர். கொங்கணப் பகுதியில் தேன்சிட்டுகளும் பூக்கொத்திகளும் புல்லுருவியைப் பெருக்குவதில் என்ன பங்கு வகிக்கின்றன என்று 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கட்டுரை எழுதினார். கையில் ஒரு தொலைநோக்கியும் குறிப்பேடும் மட்டும் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை அது. மாணவர்களிடம் அந்தக் கட்டுரையைத்தான் முதலில் படிக்கச் சொல்கிறேன்.

மகரந்தச் சேர்க்கையையும் அதே பறவைதான் செய்கிறதா?

பல இனங்களில் ஆமாம். இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை அதிகம் கட்டிப்போட்ட செய்தியும் இதில்தான் இருக்கிறது.

புல்லுருவியின் மொட்டு பல இனங்களில் தானாக விரிவதில்லை. முற்றிய மொட்டு விறைத்து நிற்கும். பறவை வந்து நுனியை அலகால் கவ்வினால் சட்டென்று வெடித்துத் திறக்கும். மகரந்தம் பறவையின் முகத்தில் தெறிக்கும். பறவை தேனை உறிஞ்சிக்கொண்டு அடுத்த மொட்டுக்குப் போகும்.

நீலகிரியில் இந்த உறவை விரிவாக ஆராய்ந்தவர் பிரியா தாவிதார். சாலிம் அலியின் வழிகாட்டலில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் பேராசிரியராக இருந்தார். பூக்கொத்திகளை நம்பியிருக்கும் சில புல்லுருவிகளில், திறக்கத் தயாரான மொட்டும் பழுத்த பழமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதைப் பற்றி அவர் 1983இல் 'பயோட்ராபிகா' இதழில் எழுதினார். யோசித்துப் பாருங்கள். பழத்தைப் பிதுக்கித் தின்னப் பழகிய பறவைக்கு, பழம் போலவே ஒரு மொட்டை நீட்டுகிறது செடி. அதே அலகு, அதே பிதுக்கல். ஒரு முறை விதை கிளம்புகிறது, இன்னொரு முறை மகரந்தம் கிளம்புகிறது.

இதே போன்ற உறவு, நமக்கு எந்தத் தொடர்பும் இல்லாத நியூசிலாந்திலும் இருக்கிறது. அங்கே சிவப்புப் பூப் பூக்கும் ஒரு புல்லுருவியின் மொட்டும் பறவை திருகினால்தான் வெடித்துத் திறக்கிறது என்று ஜென்னி லாட்லியும் டேவ் கெல்லியும் 1995இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். திறக்கும் பறவைகளில் முக்கியமானது மணிப்பறவை. பழத்தைத் தின்று விதையைப் பரப்புவதும் அதுவே. இரண்டு வேலையையும் ஒரே பறவையிடம் ஒப்படைத்த செடிக்கு, அந்தப் பறவை போனால் இரண்டு கதவும் ஒரே நாளில் அடைபடும்.

பழம் தின்னும் பறவைகள் எல்லாம் விதை பரப்புமா?

இல்லை. கிளி விதையை உடைத்துத் தின்றுவிடும். பச்சைப்புறாவின் வயிற்றில் உள்ள தசைப்பை அத்திப்பழத்தின் சின்னஞ்சிறு விதைகளைக்கூட அரைத்துவிடும். ஆலமரத்தில் நூறு பச்சைப்புறா உட்கார்ந்திருந்தால் கண்ணுக்கு அழகு, ஆனால் ஆலுக்கு அதில் பெரிய ஆதாயமில்லை. குக்குறுவான், சின்னான் (கொண்டைக்குருவி), மைனா, குயில், காகம் ஆகியவை விதையைச் சேதப்படுத்தாமல் விடும். காக்கை எச்சத்தில் அரசமரம் முளைத்த சுவர் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது.

விதை தாய்மரத்தின் அடியிலேயே விழுந்தால் என்ன குறை?

தாய்மரத்தின் அடியில் அதே இனத்தின் விதைகள் குவியலாகக் கிடக்கும். அந்த இனத்தையே குறிவைக்கும் வண்டு, பூஞ்சை, எலி எல்லாம் அங்கேதான் வரும். விதை விலகிப் போகப் போகத் தப்பிக்கும் வாய்ப்பு கூடும். வெப்பமண்டலக் காட்டில் ஒரே ஏக்கரில் இத்தனை வகை மரங்கள் எப்படி நிற்கின்றன என்ற கேள்விக்கு இதையே விடையாக வைத்து 1970இல் டேனியல் ஜான்சனும் 1971இல் ஜோசஃப் கானலும் தனித்தனியாக எழுதினார்கள். இருவர் பெயரையும் சேர்த்தே இன்று அந்தக் கருத்தைச் சொல்கிறோம். எல்லா மரத்துக்கும் ஒரே அளவில் அது பொருந்துவதில்லை. ஆனால் மாமரத்தடியில் முளைக்கும் கன்றுகளில் எத்தனை மூன்றாம் ஆண்டைப் பார்க்கின்றன என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

பறவை வயிற்றில் போனால்தான் விதை முளைக்கும் என்கிறார்களே? டோடோ பறவையும் ஒரு மரமும் என்று பாடப்புத்தகக் கதை உண்டே?

அந்தக் கதையை நானும் பள்ளியில் நம்பினேன். மொரீஷியஸ் தீவில் டம்பலகோக் என்ற மரம் அருகிப்போனதற்குக் காரணம், 17ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோன டோடோ பறவைதான் என்று ஸ்டான்லி டெம்பிள் 1977இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். டோடோவுக்குப் பதிலாக வான்கோழிகளுக்கு 17 விதைகளை ஊட்டினார். சிதையாமல் கிடைத்தவை பத்து, முளைத்தவை மூன்று. படிக்க அருமையாக இருக்கும். ஆனால் ஊட்டாத விதைகளை அருகில் வைத்து அவர் ஒப்பிடவில்லை. டோடோ போன பிறகு முளைத்து வளர்ந்த மரங்களும் தீவில் இருந்தன என்று பின்னர் வந்தவர்கள் காட்டினார்கள்.

பெரும்பாலான செடிகளுக்குப் பறவை வயிற்றில் மந்திரம் எதுவும் இல்லை. சதையும் தோலும் நீங்குவதே முக்கியம். புல்லுருவிப் பழத்தின் தோலைக் கையால் உரித்து விதையை ஒட்டினாலும் அது முளைக்கும், கம்பியிலும் கல்லிலும் கூட. பிறகு உறிஞ்ச ஒன்றும் இல்லாமல் காய்ந்துபோகும். பறவையின் பெரிய உதவி, விதையைச் சரியான இடத்தில் வைப்பது.

பறவைகள் குறைந்தால் காடு எவ்வளவு சீக்கிரம் அழியும்?

சீக்கிரம் அழியாது. எனக்குப் பயம் தருவதே அதுதான்.

நியூசிலாந்தின் வடதீவுப் பகுதி ஒன்றில் பூவைத் திறக்கும் மணிப்பறவையும் தையல்பறவையும் 1870 வாக்கில் மறைந்தன. கரையை ஒட்டிய தீவுச் சரணாலயங்களில் அவை இன்னும் இருக்கின்றன. ராப்டோதாம்னஸ் என்ற ஆரஞ்சுப் பூப் புதரை இரண்டு இடத்திலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள் சாண்ட்ரா ஆண்டர்சனும் குழுவினரும். 2011இல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவு: பறவை இல்லாத இடத்தில் ஒரு பூவுக்குக் கிடைக்கும் விதை 84 விழுக்காடு குறைவு; இளஞ்செடிகளின் அடர்த்தி 55 விழுக்காடு குறைவு. பறவைகள் போய் 140 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பக்கம் நடந்துபோன யாருக்கும் காட்டில் எதுவும் குறைந்ததாகத் தோன்றியிருக்காது, ஏனென்றால் முதிர்ந்த புதர்கள் அங்கேயே நின்றன.

பசிபிக்கில் உள்ள குவாம் தீவில் நடந்தது இன்னும் வேகம். இரண்டாம் உலகப் போரை ஒட்டிக் கப்பல் சரக்கோடு வந்த பழுப்பு மரப்பாம்பு, தீவின் 12 காட்டுப் பறவை இனங்களில் பத்தைத் துடைத்துவிட்டது. பழங்கள் இப்போது தாய்மரத்தடியிலேயே விழுந்து கிடக்கின்றன.

ஆகவே ஒரு காடு நன்றாக இருக்கிறதா என்று யாராவது என்னைக் கேட்டால், நான் அண்ணாந்து பார்ப்பதில்லை. குனிந்து கன்றுகளை எண்ணுகிறேன். பெரிய மரங்கள் நம் தாத்தா காலத்துப் பறவைகள் போட்டுவிட்டுப் போனவை. இன்றைய பறவைகள் என்ன செய்தன என்பது முழங்கால் உயரத்தில்தான் தெரியும்.

இருவாச்சியைப் பற்றிச் சொல்லுங்கள்.

நான் ஆராய்ந்த பறவை அல்ல. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய விதைகளுக்கு, பெரிய அலகுள்ள இந்த இருவாச்சியை விட்டால் வேறு துணை குறைவு. கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் போன்ற பெரிய விதைகள் சின்னானின் வாயில் நுழையாது. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். சிறு பிளவு வழியாக ஆண் பறவை மாதக்கணக்கில் பழம் ஊட்டும். கூட்டு மரத்தின் அடியில் விழுந்து கிடக்கும் விதைகளைப் பொறுக்கி எண்ணினாலே அந்த ஆண்டு காட்டில் என்ன பழுத்தது என்று தெரியும். ஆனைமலையில் 1990களில் ரகுபதி கண்ணன் பெரிய இருவாச்சியை ஆராய்ந்தார். பின்னர் திவ்யா முடப்பா மலபார் சாம்பல் இருவாச்சியை ஆராய்ந்தார், அவரும் டி. ஆர். சங்கர் ராமனும் வால்பாறையில் தேயிலைக்கு நடுவே எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளில் நாட்டு மரங்களை வளர்த்து மீட்டு வருகிறார்கள். அவர்கள் வேலையை ஒரு முறையாவது நேரில் பாருங்கள்.

களத்தில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

விடிவதற்கு முன் கிளம்புவோம். பழுத்த ஒரு புல்லுருவிக் கொத்தைத் தேர்ந்து, தள்ளி உட்கார்ந்து, எந்தப் பறவை வந்தது, எத்தனை பழம் எடுத்தது, எத்தனை நிமிடம் இருந்தது, எந்தத் திசையில் போனது என்று எழுதுவோம். வலை கட்டிய மொட்டுக்கொத்து, கட்டாத கொத்து என இரண்டு வைத்து, பறவை வராவிட்டால் காய் பிடிக்கிறதா என்று பார்ப்போம். மரத்தடியில் நைலான் வலையைக் கட்டி விழும் விதைகளைப் பிடிப்போம். மாதம் ஒரு முறை அதே மரங்களுக்குப் போய்ப் பூ, காய், பழம் எவ்வளவு என்று குறிப்போம். இந்த மாதாந்தரக் குறிப்புதான் சலிப்பு தரும் வேலை. அதுதான் பத்து ஆண்டு கழித்துப் பொன்னாக மாறும் வேலையும்.

பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் வேலை செய்யவும் பறவையைப் பிடித்துக் காலில் அடையாள வளையம் மாட்டவும் அனுமதி வேண்டும். விண்ணப்பித்துப் பல மாதம் காத்திருக்க நேரும். பூக்கும் பருவம் அதற்காகக் காத்திருக்காது. ஒரு வருடம் முன்னதாகவே திட்டமிடுங்கள்.

உங்கள் ஆய்வில் பெரிய தவறு ஏதாவது நேர்ந்ததா?

நேர்ந்தது. முதல் இரண்டு பருவமும் பழங்களை எண்ணுவதிலேயே கழித்தேன். எந்தப் பறவை எத்தனை தின்றது என்று பக்கம் பக்கமாக வைத்திருந்தேன். முடிவுகளைக் கேட்ட மூத்த ஆய்வாளர் ஒருவர் கேட்டது ஒன்றே: "தின்னது சரிம்மா, விதை எங்க போச்சு?" என்னிடம் பதில் இல்லை. தின்பது பாதி வழிதான் என்று அன்று உறைத்தது.

மூன்றாம் பருவத்தில் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு, பறவை தேய்த்த கிளைகளைத் தேடிப் போனோம். என்னோடு வேலை செய்த அண்ணன் ஒருவர் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர். நான் தொலைநோக்கியில் தேடி முடிப்பதற்குள் அவர் வெறும் கண்ணால் விதையைக் காட்டுவார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அலுமினியத் தகடு கட்டி எண் போட்டோம். அதில் பாதித் தகட்டைக் குரங்குகள் பிய்த்துப் போட்டன. மறுபடி கட்டினோம். ஒட்டிய விதைகளில் பெரும்பாலானவை காய்ந்தோ, மழையில் கழுவப்பட்டோ போயின. பிழைத்தவை எங்கே இருந்தன என்று பார்த்தபோதுதான் புரிந்தது: விரல் மொத்தமுள்ள, வெளிச்சம் படும் கிளைகளில். பூக்கொத்தி உட்கார விரும்பும் கிளைகளும் அவைதான். அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐந்து பருவம் ஆனது.

எங்கள் மாமரத்தில் புல்லுருவி ஏறியிருக்கிறது. வெட்டலாமா?

காய்ப்பு மரத்தில் அளவு மீறினால் வெட்டுங்கள், அதில் தவறில்லை. பழுப்பதற்கு முன் வெட்டுங்கள். புல்லுருவியை மட்டும் ஒடித்தால் மீண்டும் துளிர்க்கும். அது ஒட்டிய இடத்துக்கு ஓர் அடி கீழே கிளையோடு வெட்ட வேண்டும்.

ஆனால் சாலையோரத்திலும் காட்டோரத்திலும் உள்ளதை ஒன்றுவிடாமல் ஒழிக்க வேண்டும் என்று கிளம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் டேவிட் வாட்சன் மரத்தோப்புகளிலிருந்து புல்லுருவியை முழுவதும் அகற்றிப் பார்த்தார். மூன்று ஆண்டுகளில் அங்கே பறவை இனங்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது. அகற்றாத தோப்புகளில் அப்படிக் குறையவில்லை. 2012இல் வெளியான ஆய்வு இது. பழம் தின்னாத, பூச்சி தின்னும் பறவைகளும் போயின என்பதுதான் முக்கியம். புல்லுருவி உதிர்க்கும் சத்துள்ள இலைகள் தரையில் பூச்சிகளை வாழ வைத்திருந்தன. நம் ஊரிலும் மஞ்சளும் சிவப்புமாகப் பறக்கும் ஜெசபெல் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்குப் புல்லுருவி இலைதான் சாப்பாடு.

பறவைகள் களைகளையும் பரப்புகின்றனவே?

பரப்புகின்றன. முதுமலை முழுக்க உண்ணிச்செடி பரவியதில் சின்னானுக்கும் பங்குண்டு. பறவைக்கு நாட்டுச் செடி, அயல் செடி என்ற பேதம் தெரியாது. கொண்டுவந்து நட்டவர்கள் மனிதர்கள்.

இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

தாவரவியலோ விலங்கியலோ எதுவானாலும் சரி. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிரியல் படிக்கலாம். சூழலியலுக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரிலான பறவையியல் மையம் இருக்கிறது. புள்ளியியலைத் தள்ளிப் போடாதீர்கள். நான் தள்ளிப்போட்டு மிகவும் சிரமப்பட்டேன். சம்பளம் பல ஆண்டுகள் திட்டத்துக்குத் திட்டம்தான் வரும். வீட்டில் அதை மறைக்காமல் சொல்லிவிட்டு வாருங்கள்.

கல்லூரிக்குப் போகாமல், ஊரிலிருந்தே ஏதாவது செய்ய முடியுமா?

நிச்சயமாக முடியும். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் கலந்துகொள்ளலாம். அதற்கு முன் இன்றே தொடங்க ஒரு வேலை சொல்கிறேன். பக்கத்தில் ஒரு பூவரசோ புங்கமோ இருந்தால், அதன் அடியில் முளைத்திருக்கும் வேப்பங்கன்றுகளை எண்ணுங்கள். அங்கே வேப்பமரம் இல்லையென்றால், அந்தக் கன்றுகள் பெரும்பாலும் ஏதோ ஒரு பறவை அந்தக் கிளையில் உட்கார்ந்து விட்டுப்போனவை. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குச்சி நட்டு, தேதியை எழுதி வையுங்கள். ஆடியில் வேம்பு பழுத்து முடியும்போது மறுபடி எண்ணுங்கள். அடுத்த ஆடியில் இன்னொரு முறை.